கரைசலின் செறிவை எந்த அலகில் கணக்கிடுவது? மோலாரிட்டி, மோலாலிட்டி, நார்மாலிட்டி, சதவீதம், பிபிஎம்

அடர் கந்தக அமில பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிறைப்படி 98 சதவீதம், அடர்த்தி மி.லி.க்கு 1.84 கிராம் என்று லேபிளில் போட்டிருக்கும். இதே அமிலத்தின் செறிவை மோலாரிட்டியில் சொன்னால் 18.4. நார்மாலிட்டியில் 36.8. மோலாலிட்டியில் ஏறக்குறைய 500. மோல் பின்னத்தில், அதாவது மொத்த மோல்களில் அமிலத்தின் பங்காக, 0.90. லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்டால் 1803. அதையே 100 மி.லி.க்கு இத்தனை கிராம் என்ற சதவீதமாக எழுதினால் 180 சதவீதம் வரும்.

பாட்டிலும் ஒன்றுதான், திரவமும் ஒன்றுதான், எண்கள் மட்டும் ஆறு. ஆறுமே சரி. அப்படியானால் எதை எடுப்பது? பாடப்புத்தகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறையும் ஒரு சூத்திரமும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எந்த வேலைக்கு எது பொருந்தும், எது காலை வாரிவிடும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. கரைசலை அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் அலகைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. அளந்து ஊற்றப்போகிறோமா, சூடாக்கப்போகிறோமா, அல்லது நம்மை அறியாத ஒருவர் லேபிளை மட்டும் படித்துப் பயன்படுத்தப்போகிறாரா? இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லா அலகுகளும் ஒரு பின்னம்தான். மேலே கரைபொருள் இருக்கும். அதைக் கிராமில் எண்ணலாம், மோலில் (மூலக்கூறு எடை எவ்வளவோ அத்தனை கிராம் ஒரு மோல்) எண்ணலாம், சமான எண்ணிக்கையில் (வினையில் ஒரு ஹைட்ரஜன் அயனிக்கோ ஓர் எலக்ட்ரானுக்கோ ஈடாகும் பங்குகளாக) எண்ணலாம். கீழே கரைசலின் கனஅளவு வரலாம், கரைசலின் நிறை வரலாம், கரைப்பானின் நிறை மட்டும் வரலாம். மேலே எதை வைக்கிறோம், கீழே எதை வைக்கிறோம் என்ற இரண்டு தேர்வுகளில்தான் எல்லா வேறுபாடும் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

மோலாரிட்டி: ஊற்றி அளப்பவர்களுக்கு

ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறது என்பது மோலாரிட்டி. ஆய்வகத்தில் பெரும்பாலான வேலை இதில்தான் நடக்கிறது. பியூரெட்டும் பிப்பெட்டும் கனஅளவைத்தான் தருகின்றன, வினைகளோ மோல் கணக்கில் நடக்கின்றன. இரண்டையும் நேராக இணைக்கும் அலகு இது ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 25.00 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பிப்பெட்டால் எடுத்து, 0.1000 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கிறோம், அதாவது வினை சரியாக முடிய எவ்வளவு காரம் வேண்டும் என்று அளக்கிறோம். பியூரெட்டில் 24.60 மி.லி. இறங்கியதும் நிறம் மாறுகிறது. 24.60-ஐ 0.1000-ஆல் பெருக்கி 25.00-ஆல் வகுத்தால் 0.0984 மோலார். அடர்த்தியும் தேவைப்படவில்லை, நிறையும் தேவைப்படவில்லை. இந்த வசதியை வேறு எந்த மோல் அலகும் தராது.

நீர்த்தலும் அப்படியே. முன்னால் இருந்த செறிவையும் கனஅளவையும் பெருக்கினால் வருவதும், பின்னால் இருக்கும் செறிவையும் கனஅளவையும் பெருக்கினால் வருவதும் சமம். 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் (அடர்த்தி 1.19) சுமார் 12.1 மோலார். அதிலிருந்து 0.1 மோலாரில் ஒரு லிட்டர் வேண்டுமென்றால் 8.3 மி.லி. எடுத்தால் போதும். ஆனால் அடர் அமிலம் திறந்தவுடன் புகைந்து கொஞ்சம் வலுவிழக்கும், பாட்டிலில் 36 முதல் 38 வரை என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். ஆகவே இப்படிக் கிடைப்பது 'ஏறக்குறைய 0.1' தான். சோடியம் கார்பனேட் போன்ற ஒரு முதல்நிலைத் திட்டப்பொருளை (எடையை அப்படியே நம்பக்கூடிய தூய, நிலையான பொருளை) எடைபோட்டுத் தரம் பார்த்த பிறகே நான்கு இலக்கம் எழுத முடியும். சோடியம் ஹைட்ராக்சைடும் இதே கதைதான். எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பொருள் அப்படி இருக்காது என்பதால், இவற்றுக்குக் கணக்கிட்ட மோலாரிட்டியை நம்பவே கூடாது.

மோலாரிட்டியில் அடிக்கடி நடக்கும் தவறு தயாரிக்கும் முறையில் இருக்கிறது. 1 மோலார் சோடியம் குளோரைடு என்றால் 58.44 கிராம் உப்பை எடுத்து, ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் போட்டு, முக்கால் பங்குக்குக் குறைவாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு கழுத்துக் கோடு வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து அதில் உப்பைக் கொட்டினால் கனஅளவு சுமார் 1019 மி.லி. ஆகிவிடும், செறிவு 0.98 மோலாராக இறங்கிவிடும். இரண்டு சதவீதம்தானே என்று தோன்றலாம். சுக்ரோஸில் பாருங்கள். ஒரு மோல் சுக்ரோஸ் 342.3 கிராம். அதை ஒரு கிலோ தண்ணீரில் கரைத்தால் கரைசல் ஏறத்தாழ 1214 மி.லி. வரும். செறிவு 0.82 மோலார்தான். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கரைபொருளின் மூலக்கூறு பெரிதாக ஆக, இந்தத் தவறும் பெரிதாகிக்கொண்டே போகும்.

இன்னொரு குறை வெப்பநிலை. குடுவையின் கழுத்துக் கோடு 20 டிகிரி செல்சியஸுக்குப் போடப்பட்டது. நீரின் அடர்த்தி 20 டிகிரியில் 0.9982, 35 டிகிரியில் 0.9940, 80 டிகிரியில் 0.9718. அதாவது 20 டிகிரியில் சரியாக 0.1000 மோலாராக இருந்த நீர்த்த கரைசல், 35 டிகிரி அறையில் 0.0996 ஆகவும், 80 டிகிரியில் 0.0974 ஆகவும் இருக்கும். ஒரு துளி ஆவியாகவில்லை, ஒரு துளி சிந்தவுமில்லை. திரவம் விரிந்துவிட்டது, அவ்வளவுதான். அன்றாடத் தரம் பார்த்தலில் 35 டிகிரி விலகல் பெரிதாகத் தெரியாது. நான்காவது இலக்கத்துக்காக மல்லுக்கட்டும் வேலையில் நிச்சயம் தெரியும்.

மோலாலிட்டி: வெப்பநிலை மாறும் வேலைக்கு

கீழே இருக்கும் கனஅளவை எடுத்துவிட்டு, கரைப்பானின் நிறையை வைத்தால் மோலாலிட்டி. ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல் என்பது இது. நிறை வெப்பத்தால் மாறாது. ஆகவே உறைநிலையில் இருந்தாலும் கொதிநிலையில் இருந்தாலும் எண் அப்படியே நிற்கும்.

உறைநிலைத் தாழ்வையும் கொதிநிலை ஏற்றத்தையும் மோலாலிட்டியில் எழுதுவதற்குக் காரணம் இதுதான். நீரின் உறைநிலைத் தாழ்வு மாறிலி 1.86. 500 கிராம் தண்ணீரில் 18.02 கிராம் குளுக்கோஸ் கரைத்தால் 0.1 மோல், அரைக் கிலோ, அதாவது 0.2 மோலால். உறைநிலை 0.37 டிகிரி இறங்கும். இந்தச் சோதனையில் கரைசலை அறை வெப்பநிலையிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோகிறோம். வழி முழுக்க மோலாரிட்டி மாறிக்கொண்டே இருக்கும், எந்த வெப்பநிலையின் மோலாரிட்டியைக் கணக்கில் போடுவது என்று தெரியாது. மோலாலிட்டியில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

தயாரிப்பதும் சுலபம். தராசு ஒன்று போதும், அளவுக் குடுவை வேண்டாம், கோட்டைக் குனிந்து பார்க்க வேண்டாம், ஆறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எடைபோட்ட தண்ணீரில் எடைபோட்ட பொருளைக் கரைத்தால் முடிந்தது. வெப்ப இயக்கவியல் அட்டவணைகளும் செயல்திறன் குணகங்களும் (கரைசலின் நடத்தை இலட்சிய நிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்கள்) பெரும்பாலும் இந்த அலகில்தான் கிடைக்கின்றன.

ஆனால் இதே கரைசலிலிருந்து 25 மி.லி. பிப்பெட்டால் எடுங்கள். அதில் எத்தனை மோல் இருக்கிறது? சொல்ல முடியாது. அடர்த்தி தெரிந்தால்தான் சொல்ல முடியும். பியூரெட் வைத்து வேலை செய்பவருக்கு மோலாலிட்டி ஒரு தடைதான். அடர் கரைசல்களிலோ எண்கள் கைமீறிப் போய்விடும். கந்தக அமிலத்துக்கு 500 மோலால் என்று வந்ததற்குக் காரணம், அந்த 100 கிராமில் கரைப்பானாக இருப்பது வெறும் 2 கிராம் தண்ணீர்தான். ஒன்றே முக்கால் கிராமாக அது குறைந்திருந்தால் எண் 570-ஐத் தாண்டிவிடும், அமிலமோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். அடர் அமிலத்தை மோலாலிட்டியில் குறிப்பதற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை.

நீர்த்த நீர்க்கரைசல்களில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. 0.01 மோலால் என்பது 25 டிகிரியில் 0.00997 மோலாருக்குப் பக்கத்தில் வரும். அங்கே எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம். கரைப்பான் தண்ணீராக இல்லாவிட்டால் இந்த ஒற்றுமை போய்விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எத்தனாலின் அடர்த்தி 0.789. அதில் ஒரு லிட்டர் எடுத்தால் ஒரு கிலோ இருக்காது.

நார்மாலிட்டி: கணக்கு சுலபம், லேபிள் ஆபத்து

பழைய ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இன்னும் நார்மாலிட்டிதான் ஆட்சி செய்கிறது. அதற்கு நல்ல காரணம் உண்டு. கரைபொருளை மோலில் எண்ணாமல் சமான எண்ணிக்கையில் எண்ணினால், வினையின் சமன்பாட்டை எழுதாமலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பக்கத்து நார்மாலிட்டியையும் கனஅளவையும் பெருக்கினால் மறுபக்கத்தோடு எப்போதும் சமமாகும். கந்தக அமிலம் ஒரு மோலுக்கு இரண்டு மோல் காரம் கேட்கிறதே, இரண்டால் பெருக்கினோமா என்ற பயம் இல்லை. அந்த இரண்டு ஏற்கெனவே நார்மாலிட்டிக்குள் அடங்கியிருக்கிறது. ஒரே மாதிரியான தரம் பார்த்தலை நாள் முழுக்கச் செய்பவருக்கு இது எவ்வளவு உதவி என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், அந்த 'இரண்டு' பொருளின் குணம் மட்டும் இல்லை, வினையையும் பொறுத்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பாருங்கள். அமில ஊடகத்தில் ஒரு மாங்கனீசு அணு ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கும். நடுநிலை ஊடகத்தில் மாங்கனீசு டை ஆக்சைடாகப் படியும்போது மூன்றைத்தான் ஏற்கும். ஆகவே 0.1 நார்மல் என்று மட்டும் எழுதிய ஒரு பெர்மாங்கனேட் பாட்டில், அமில ஊடகக் கணக்கில் 0.02 மோலார். நடுநிலைக் கணக்கில் 0.033 மோலார். எது என்பது பாட்டிலைத் தயாரித்தவரின் மனதில் மட்டும்தான் இருக்கிறது. அவர் விடுப்பில் போய்விட்டால்?

பாஸ்பாரிக் அமிலத்திலும் இதே நிலைமை. மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும் இடத்தில் அது ஒரு ஹைட்ரஜனைத்தான் கொடுத்திருக்கும். பினால்ப்தலீன் நிறம் மாறும் இடத்தில் இரண்டு. அதே அமிலம், அதே பாட்டில், வேறு நிறங்காட்டி, நார்மாலிட்டி இரண்டு மடங்கு. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் நார்மாலிட்டியைக் கைவிடச் சொல்வதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம்.

அதற்காகச் சமான எண்ணிக்கை என்ற கருத்தையே தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நீர்ப் பகுப்பாய்வில் அது இன்றும் அருமையான சோதனை. எல்லா நேரயனிகளையும் லிட்டருக்கு மில்லி சமானத்தில் எழுதிக் கூட்டுங்கள், எல்லா எதிரயனிகளையும் அப்படியே கூட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் தண்ணீர் மின்சுமை இல்லாதது. கால்சியம் 40.08 மி.கி. என்றால் 2 மில்லி சமானம், குளோரைடு 35.45 மி.கி. என்றால் 1. கூட்டல் ஒத்துப்போகவில்லையென்றால் எதையோ அளக்காமல் விட்டிருக்கிறோம், அல்லது ஓர் அளவு தப்பு. மில்லி கிராமில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. ஆகவே நோட்டில் கணக்குப் போட நார்மாலிட்டி இருக்கட்டும். பாட்டிலின் மேல் தனியாக அது இருக்கக் கூடாது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே மோலாரிட்டியையும் எழுதிவிட வேண்டும்.

சதவீதம்: எதன் சதவீதம்?

மூலக்கூறு எடை தெரியாதவருக்கும் புரியும் என்பது சதவீதத்தின் பலம். பலபடிகள், புரதங்கள், பல பொருள்கள் கலந்த கலவைகள் போன்றவற்றில் ஒரு மோல் என்றால் எவ்வளவு என்பதே தெளிவாக இருக்காது. அங்கே சதவீதத்தை விட்டால் வேறு வழியில்லை. வணிக அமிலங்களும் நிறைச் சதவீதத்தில்தான் வருகின்றன.

ஆனால் சதவீதம் மூன்று வகை. 100 கிராம் கரைசலில் இத்தனை கிராம், 100 மி.லி. கரைசலில் இத்தனை கிராம், 100 மி.லி. கரைசலில் இத்தனை மி.லி. மருத்துவமனையில் ஏற்றும் 0.9 சதவீத உப்புக் கரைசல் இரண்டாவது வகை. 100 மி.லி.யில் 0.9 கிராம், லிட்டரில் 9 கிராம், அதாவது 154 மில்லி மோல். நீர்த்த நீர்க்கரைசல் என்பதால் முதல் வகையாக எடுத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம் வராது. கந்தக அமிலத்தில் அந்த வித்தியாசம் 98-க்கும் 180-க்கும் இடையே இருந்ததை மேலே பார்த்தோம்.

எத்தனால் இதைவிட நுட்பமானது. கிருமி நீக்கத்துக்குப் பயன்படும் 70 சதவீத எத்தனால் கனஅளவுப்படி 70 என்றால், நிறைப்படி அது 62.4 சதவீதம்தான். திருப்பிச் சொன்னால், நிறைப்படி 70 சதவீதம் என்பது கனஅளவுப்படி ஏறத்தாழ 77. ஒரே '70' என்ற எண்ணின் கீழ் இரண்டு வேறு திரவங்கள் இருக்க முடியும். தயாரிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. 70 மி.லி. எத்தனாலோடு 30 மி.லி. தண்ணீரைச் சேர்த்தால் 100 மி.லி. வராது, சுமார் 97 தான் வரும். இரண்டு திரவங்களும் கலக்கும்போது சுருங்குகின்றன. ஆகவே 70 மி.லி. எத்தனாலை எடுத்து, 100 மி.லி. கோடு வரை தண்ணீர் நிரப்ப வேண்டும்.

சதவீதத்தின் பெரிய பலவீனம் என்று நான் நினைப்பது வேறொன்று. படிக நீர். '5 சதவீத காப்பர் சல்பேட்' என்று ஒரு செய்முறைக் குறிப்பு சொல்கிறது. அலமாரியில் இருப்பதோ ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட நீலப் படிகம். அதில் 5 கிராம் எடுத்தால் உண்மையான காப்பர் சல்பேட் 3.2 கிராம்தான், மீதி தண்ணீர். குறிப்பை எழுதியவர் படிகத்தைச் சொன்னாரா, நீரற்ற வெள்ளைத் தூளைச் சொன்னாரா என்று சதவீதம் காட்டிக்கொடுக்காது. 0.2 மோலார் என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. ஒரு லிட்டருக்குப் படிகம் என்றால் 49.94 கிராம், நீரற்றது என்றால் 31.92 கிராம், இரண்டிலும் காப்பர் அயனிகளின் எண்ணிக்கை ஒன்றே. கிராமை விட்டு மோலுக்கு வருவதன் உண்மையான பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலில் '10 வால்யூம்', '20 வால்யூம்' என்று இருப்பதும் இந்தக் குடும்பம்தான். ஒரு லிட்டர் கரைசல் சிதைந்தால் எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வரும் என்பது அது. மோலாரிட்டியை 11.2-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 3 சதவீதக் கரைசல் ஏறக்குறைய 10 வால்யூம்.

பிபிஎம்: மிகக் குறைந்த அளவுகளுக்கு

பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குடிநீரில் ஃபுளோரைடு, மண்ணில் ஈயம், காற்றில் கார்பன் மோனாக்சைடு எல்லாவற்றையும் பிபிஎம்மில் சொல்கிறார்கள். இந்த மூன்றிலும் பிபிஎம் வேறு வேறு. மண்ணில் அது கிலோவுக்கு மில்லி கிராம். காற்றில் கனஅளவுக்குக் கனஅளவு. தண்ணீரில் பெரும்பாலோர் லிட்டருக்கு மில்லி கிராம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோவுக்கு மிக நெருக்கம் என்பதால் அது ஓடிவிடுகிறது. கடல் நீரின் அடர்த்தி சுமார் 1.025 என்பதால் அங்கே இரண்டரை சதவீதம் தப்பும். அடர் உப்புநீரில் இன்னும் மோசம். ஆகவே பிபிஎம் என்று எழுதுவதைவிட 'மி.கி./லிட்டர்' அல்லது 'மி.கி./கிலோ' என்று எழுதுவது நல்லது. இரண்டு எழுத்து கூடுதல், சந்தேகம் பூஜ்யம்.

எதை எண்ணினோம் என்பதையும் சொல்ல வேண்டும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மி.கி., நைட்ரேட் அயனியாக. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு 10 மி.கி., ஆனால் அது நைட்ரஜனாக. ஐந்து மடங்கு கடுமையான விதி என்று பார்த்தவுடன் தோன்றும். நைட்ரேட்டில் நைட்ரஜன் 62-இல் 14 பங்குதான். 10-ஐ 4.43-ஆல் பெருக்கினால் 44. இரண்டு வரம்புகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நீரின் கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டுச் சொல்வதும் இப்படித்தான். 40 மி.கி. கால்சியம் அங்கே 100 மி.கி. ஆகத் தெரியும். அறிக்கையில் 'எதுவாக' என்ற ஒரு சொல் விடுபட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மோல் பின்னத்துக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. இரண்டு திரவங்கள் கலந்த கலவையின் ஆவி அழுத்தத்தையோ காய்ச்சி வடித்தலையோ கணக்கிட வேண்டுமென்றால் அதுதான் வழி. எது கரைப்பான், எது கரைபொருள் என்று பிரிக்கவே முடியாத கலவைகளில் அது இரண்டையும் சமமாக நடத்துகிறது. மற்ற வேலைகளில் அதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

எடைபோடுவதா, அளந்து ஊற்றுவதா

அலகைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு அடியில், தராசா குடுவையா என்ற கேள்வி இருக்கிறது. துல்லியத்தில் தராசுக்குத்தான் வெற்றி. 100 மி.லி. ஏ வகுப்பு அளவுக் குடுவைக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 0.1 மி.லி., அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. நான்கு தசம இலக்கம் காட்டும் தராசில் 5.844 கிராம் உப்பை எடைபோட்டால் பிழை மில்லி கிராமில் சில பத்தில் ஒரு பங்குதான். அது ஒரு லட்சத்தில் சில பங்கு. தவிர, குடுவையில் வெப்பநிலை, கோட்டைப் பார்க்கும் கண்ணின் மட்டம், சுவரில் ஒட்டிய துளி எல்லாம் சேரும். தராசில் அவை சேராது.

அப்புறம் ஏன் எல்லோரும் குடுவையை விடவில்லை? வேகம்தான். ஒரு முறை தயாரித்துவிட்டால் பிறகு ஒவ்வொரு அளவீடும் ஒரு பிப்பெட் இழுப்பு. ஒவ்வொரு முறையும் எடைபோட்டுக்கொண்டிருந்தால் வேலை நகராது. ஆகவே என் வழி இரண்டையும் சேர்ப்பது. கரைசலைக் குடுவையில் தயாரிக்கும்போது, காலிக் குடுவையையும் நிரம்பிய குடுவையையும் எடைபோட்டுவிடுகிறேன். ஒரு நிமிடம் கூடுதலாகும். அடர்த்தி கைக்கு வந்துவிடும், அது வந்தால் எந்த அலகிலிருந்தும் எந்த அலகுக்கும் போகலாம்.

1 மோலார் சோடியம் குளோரைடில் செய்து பார்ப்போம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் கரைசல் ஏறத்தாழ 1038.5 கிராம் எடை இருக்கும். அதில் உப்பு 58.44 கிராம். மீதி 980 கிராம் தண்ணீர். 1 மோலை 0.980-ஆல் வகுத்தால் 1.02 மோலால். 58.44-ஐ 1038.5-ஆல் வகுத்தால் நிறைப்படி 5.63 சதவீதம். 100 மி.லி.யில் 5.84 கிராம் என்பதால் நிறை-கனஅளவு சதவீதம் 5.84. ஒரே ஒரு கூடுதல் எடையிலிருந்து நான்கு அலகுகளும் வந்துவிட்டன. அடர்த்தி இல்லாமல் இவற்றில் மோலாலிட்டிக்கும் நிறைச் சதவீதத்துக்கும் போகவே முடியாது.

ஆகவே நான் தேர்ந்தெடுப்பது இப்படி. வினைபுரியப்போகிற, பியூரெட்டிலோ பிப்பெட்டிலோ போகப்போகிற எந்தக் கரைசலும் மோலாரிட்டியில். வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் மாறப்போகிறது என்றாலோ, உறைநிலை, கொதிநிலை, வெப்ப இயக்கவியல் என்று எதைத் தொட்டாலோ, தயக்கமில்லாமல் மோலாலிட்டியில். கடையிலிருந்து வரும் அடர் அமிலமும் அம்மோனியாவும் நிறைச் சதவீதமும் அடர்த்தியுமாக, வந்தபடியே இருக்கட்டும். நீர்த்துப் பயன்படுத்தும்போது மாற்றிக்கொள்ளலாம். சுவடளவில் இருப்பவை லிட்டருக்கு மில்லி கிராமில், திண்மமானால் கிலோவுக்கு மில்லி கிராமில். நார்மாலிட்டியைப் பழகிய இடங்களில், கணக்கு நோட்டுக்குள் மட்டும். ஒரு பழைய செய்முறையைப் பின்பற்றும்போது அது நார்மாலிட்டியில் இருந்தால், வினையைப் பார்த்து முதலில் மோலாருக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் தயாரிப்பைத் தொடங்குவேன்.

லேபிளில் என்ன எழுதுவது என்று கேட்டால், இவ்வளவு: பொருளின் முழுப் பெயர், படிக நீர் இருந்தால் அதோடு. செறிவு, அலகோடு. சதவீதம் என்றால் எதன் சதவீதம். தயாரித்த வெப்பநிலை. அளந்திருந்தால் அடர்த்தி. தரம் பார்த்ததா, வெறும் கணக்கா. தேதி. 'பொட்டாசியம் பெர்மாங்கனேட், 0.0200 மோலார், 20 டிகிரி, சோடியம் ஆக்சலேட்டால் தரம் பார்த்தது' என்று ஒரு பாட்டிலில் இருந்தால், அமில ஊடகத்தில் 0.1 நார்மல் வேண்டியவரும், நடுநிலை ஊடகத்தில் 0.06 நார்மல் வேண்டியவரும் அதே பாட்டிலை எடுத்துத் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம். தயாரித்தவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியதில்லை.